பகுதி அ: அனைத்து வினாக்களுக்கும் விடையளிக்கவும்

பெறுநர்: ஒரு தன்னாட்சிக் கல்லூரியின் மேன்மைதங்கிய வணிகவியல் பாடத்திட்டக் குழு

பொருள்: இளங்கலை மாணவர்க்கு வேலைத்திறன் தாள் வடிவமைத்தமை – பாராட்டு தெரிவித்தல் – தொடர்பாக

பார்வை: இம்மாதம் கல்லூரி வளாகத்தில் நடந்த வேலைவாய்ப்பு முகாம்

வேலைத்திறன் தாள் என்பது, பட்டம் முடித்தவர் அலுவலகத்தில் சேர்ந்ததும் ஏதேனும் ஒரு வேலையைத் தாமே செய்து முடிக்கும்படி பழக்கிவிடும் பாடம். மேற்படி குழு வகுத்த தாளின் பயன், பார்வையில் கண்ட முகாமில் எல்லோர் முன்னிலையிலும் வெளிப்பட்டது. தணிக்கை அலுவலகம் ஒன்றிலிருந்து வந்தவர், இறுதியாண்டு பி.காம். மாணவி ஒருவர் பக்கம் மடிக்கணினியைத் திருப்பினார். திரையில் ஒரு ரொக்க ஏடு, ஒரு வங்கி அறிக்கை. இருப்பு எங்கே உதைக்கிறது என்று பார்க்கச் சொன்னார். மாணவி, வங்கிச் சரிக்கட்டும் பட்டியலின் வரைவிலக்கணத்தையும் அதன் நான்கு நன்மைகளையும் பிசகில்லாமல் ஒப்பித்தார். “அதெல்லாம் சரிம்மா, போடத் தெரியுமா?” என்றார் வந்தவர். அறையே சிரித்தது. அந்தத் தாளில் மாணவி பெற்றிருந்தது ‘ஓ’ கிரேடு.

குழு பெருமைப்பட வேண்டிய தருணம் அது. இரண்டு மதிப்பெண் வினாவுக்கு நான்கு மதிப்பெண் அளவுக்கு விடை சொல்லும் பட்டதாரியை எல்லாக் கல்லூரியும் உருவாக்கிவிட முடியாது.

ஒரு தாளை வடிவமைக்கையில் முதலில் கற்றல் விளைவு, அடுத்து வகுப்பில் நடப்பது, பிறகு தேர்வு என மூன்றையும் தீர்மானிக்க வேண்டும். மூன்றும் ஒரே திசையில் இழுக்க வேண்டும் என்பதை ஆஸ்திரேலியக் கல்வி உளவியலாளர் ஜான் பிக்ஸ் 1996இல் விரிவாக எழுதினார். குழுவின் கற்றல் விளைவுகள் உயர்ந்தவை. 1956இல் புளூம் தொகுத்து 2001இல் திருத்தப்பட்ட படிநிலையின் உச்சியிலிருந்தே வினைச்சொற்கள் எடுக்கப்பட்டுள்ளன: மாணவர் பகுப்பாய்வார், மதிப்பிடுவார், உருவாக்குவார். தேர்வோ பகுதி அ-வில் தொடங்குகிறது. பத்து வினா, தலா இரண்டு மதிப்பெண். ‘குழுவாகச் செயல்படுதல் – வரையறு’ என்பது அதில் ஒன்று. அதற்கான விடையைத் தனி மேசையில் தனியே அமர்ந்து எழுத வேண்டும்; பக்கத்து மேசைக்காரரோடு குழுவாகச் செயல்பட்டால் விடைத்தாள் பறிக்கப்படும். ‘பேச்சுத்திறனின் இரு பயன்களை எழுதுக’ என்பதற்கும் வாய் திறக்கக் கூடாது.

இந்த ஏற்பாட்டுக்குக் காரணம் அறியாமை அன்று, கணக்கு. ஒரு கிரெடிட்டுக்கு வகுப்பறைப் பாடம் 15 மணி நேரம், ஆய்வகப் பயிற்சி 30 மணி நேரம் என்பது பல்கலைக்கழக மானியக் குழு ஏற்ற அளவு. இரண்டு கிரெடிட் தாளை எழுத்துத் தாளாக வைத்தால் 30 மணியில் முடியும். கணினி வேண்டாம், மாணவரைச் சிறு அணிகளாகப் பிரிக்க வேண்டாம், கூடுதல் ஆசிரியர் வேண்டாம். செய்முறையாக வைத்தால் 60 மணி, அத்தனையும் வேண்டும். ஆகவே திறன் எழுத்தில் வந்துசேர்ந்தது. அதையும் நடத்துபவர் பெரும்பாலும் கௌரவ விரிவுரையாளர். நிரந்தர வேலைக்கு ஆண்டுக்கணக்காகக் காத்திருப்பவரே வேலை பெறுவது எப்படி என்று விளக்குகிறார். ‘பணிப் பாதுகாப்பு – சிறுகுறிப்பு வரைக’ என்றால் அவரே பகுதி அ-வைத் தாண்டமாட்டார்.

தன்னாட்சிக் கல்லூரிகளின் பாடத்திட்டக் குழுவில் தொழில்துறைப் பிரதிநிதி ஒருவரும் முன்னாள் மாணவர் ஒருவரும் இடம்பெற வேண்டும் என்பது விதி. இருவரும் வருகிறார்கள், பொன்னாடை, சிற்றுண்டி, கையெழுத்து. அலுவலகத்தில் புதிதாகச் சேர்பவர் எந்த இடத்தில் தடுமாறுகிறார் என்று அவர்களிடம் கேட்பதே அந்த இருக்கைகளின் நோக்கம். ஜி.எஸ்.டி. பில்லில் உள்ளீட்டு வரியைப் பிரித்தெடுப்பதிலா, வாடிக்கையாளருக்கு நான்கு வரி மின்னஞ்சல் எழுதுவதிலா? இந்த விவரம் கிடைத்தால் பாதித் தாள் தானே எழுதப்பட்டுவிடும். அதற்குப் பதில் பாட விளைவு பட்ட விளைவோடு எவ்வளவு பொருந்துகிறது என்று காட்டும் கட்டங்கள் 3, 2, 1 என்று நிரப்பப்படுகின்றன. சென்ற ஆண்டுக் கோப்பின் எண்களே இவ்வாண்டும் வந்திருப்பது குழுவின் கொள்கை உறுதியைக் காட்டுகிறது.

அடுத்தது இன்டர்ன்ஷிப். 1906இல் அமெரிக்காவின் சின்சினாட்டி பல்கலைக்கழகத்தில் ஹெர்மன் ஷ்னைடர் பொறியியல் மாணவரை வகுப்புக்கும் தொழிற்சாலைக்கும் மாறிமாறி அனுப்பினார். தொடங்கியபோது 27 பேர். கோவை பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரியின் சாண்ட்விச் படிப்புகளும் அந்த வழியில் வந்தவையே. இரண்டிலும் மாணவர் உண்மையாகவே வேலை பார்த்தார். மேற்படி கல்லூரியிலோ தெரிந்தவர் கடை லெட்டர்பேடில் சான்றிதழ், அச்சுக்கடையில் வாங்கிய அறிக்கை, நீலநிற பைண்டிங். இது பயிற்சி அன்று, மோசடி. நகையை அடகு வைத்துக் கட்டணம் கட்டிய வீட்டுக்குச் செய்யும் மோசடி. கையெழுத்துப் போடும் ஒவ்வொருவருக்கும் அது தெரியும்.

மேற்கண்ட வரிகளில் தொனி சற்று உயர்ந்துவிட்டது. பைண்டிங்கின் தரம் மறுக்க முடியாதது.

திருத்தத்துக்கு அரசாணையோ புதிய கட்டடமோ தேவையில்லை. அகமதிப்பீட்டின் 25 மதிப்பெண் முழுக்கக் கல்லூரியின் கையில் உள்ளது. அதில் இப்போது வருகைப் பதிவுக்கும் ஒப்படைப்புக்கும் போகும் பங்கை எடுத்து, வேண்டுமென்றே பிழை புகுத்திய ஒரு வங்கி அறிக்கையைத் திருத்துவதற்கும், மூவர் சேர்ந்து ஒரு சிறு கடையின் ஒரு மாதக் கணக்கை எழுதி அந்தக் கடைக்காரரிடமே விளக்குவதற்கும் வைக்கலாம். திருத்துபவர் பார்க்க வேண்டியது கணக்கு நேரானதா, கடைக்காரருக்குப் புரிந்ததா என்பதை மட்டும். இதைச் சென்ற கூட்டத்தில் முன்னாள் மாணவப் பிரதிநிதி சொன்னதாகவும், நேரமின்மையால் பதிவாகவில்லை என்றும் தெரிகிறது. அடுத்த கூட்டத்தின் நிகழ்ச்சிநிரலில், பொன்னாடைக்கு முன்பாக, இதைச் சேர்க்கக் குழு பணிவுடன் வேண்டப்படுகிறது. (2 மதிப்பெண்)