காலமானவர் கோப்பு

1969ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஒருவரின் இறப்பை 21 நாட்களுக்குள் பதிவு செய்ய வேண்டும். தவறினால் தாமதக் கட்டணம். ஓராண்டு கடந்தால் தமிழ்நாட்டில் கோட்டாட்சியர் ஆணை தேவை. அதுவரை அரசுக் கணக்கில் அவர் நலமாகவே இருக்கிறார்.

அடுத்தது வாரிசுச் சான்றிதழ். இ-சேவை மையத்தில் கொடுத்த மனு, கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் வழியாக வட்டாட்சியரை அடைந்ததும், பெற்ற பிள்ளைகள் பிள்ளைகளாக அங்கீகரிக்கப்படுவர்.

ஆதாரில் ஓர் இனிஷியல், பாஸ்புக்கில் வேறொன்று, பத்திரத்தில் இனிஷியலே இல்லை என்றால் இறந்தவர் மூவராகிவிடுவார். மூவரும் ஒருவரே என்று முத்திரைத்தாளில் உறுதிமொழி எழுத வேண்டியிருக்கும்.

வங்கிப் பணத்தை நாமினி வாங்கலாம். அனுபவிக்கும் உரிமை வாரிசுகளுக்கே. மின்வாரியம் மட்டும் அவசரப்படுத்துவதில்லை: பில் கட்டப்படும்வரை காலமானவரும் நல்ல நுகர்வோரே.