களை முளைக்குமுன் ஆள் எதற்கு?

நண்பனும் நானும் சாஃப்ட்வேர் கம்பெனி தொடங்கியிருக்கிறோம். முதல் வருஷம் எத்தனை பேரை வேலைக்கு எடுக்கலாம்?
(வாசகர், எட்டயபுரம்)

கரிசல் சம்சாரி புரட்டாசியில் மழையை நம்பிக் காய்ந்த புழுதியிலேயே விதைப்பார். அவ்வளவு துணிச்சல்காரர்கூடக் களை முளைக்குமுன் களையெடுக்க ஆள் கூப்பிட மாட்டார். வாடிக்கையாளர்கள் போன் போட்டுத் திட்ட வேண்டும். நீங்கள் இருவரும் ராத்திரி முழித்தும் பதில் சொல்லி மாளவில்லை என்றால் மூன்றாவது ஆளைத் தேடுங்கள். கிரிஷ் மாத்ருபூதமும் ஷான் கிருஷ்ணசாமியும் 2010-ல் சென்னையில் ஃப்ரெஷ்டெஸ்க்கைத் தொடங்கியபோது விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்கள்தான். அது ஃப்ரெஷ்வொர்க்ஸாகி நாஸ்டாக் ஏறியது 2021-ல். இடையில் இருக்கிற பதினோரு வருஷத்தை யாரும் ஸ்டேட்டஸில் வைப்பதில்லை.

தீப்பெட்டி ஆலைகளுக்கென்று இருபது திரையுள்ள செயலி செய்தோம். ஒரு முதலாளிகூட வாங்கவில்லையே?
(வாசகர், கழுகுமலை)

செய்யுமுன் எந்த ஆலையிலாவது சம்பளநாளில் உட்கார்ந்திருந்தீர்களா? பெட்டி அடைப்பதற்கும் லேபிள் ஒட்டுவதற்கும் பீஸ் ரேட் கூலி. கணக்குப்பிள்ளை ஒரு கையில் நோட்டு, மறு கையில் கால்குலேட்டர் வைத்துக்கொண்டு, யார் எத்தனை முடித்தார், யார் அட்வான்ஸ் வாங்கினார் என்று கூட்டிக் கழித்துக்கொண்டிருப்பார். வாசலில் பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று சத்தம். அந்தக் கணக்கைப் பத்து நிமிஷத்தில் முடித்துக் கொடுங்கள். மற்ற பத்தொன்பது திரைகள் உங்கள் புராஜெக்ட் கைடுக்காகச் செய்தவை.

ஆரம்பத்தில் இலவசமாகக் கொடுத்தால் என்ன?
(வாசகர், விளாத்திகுளம்)

ஒரு ரூபாய்த் தீப்பெட்டியை இரண்டு ரூபாயாக்க இந்தத் தொழிலுக்கு 14 வருஷம் ஆனது. 2021 டிசம்பரில்தான் ஏற்றினார்கள். ஒன்றை இரண்டாக்கவே இத்தனை பாடு. சைபரை ஒன்றாக்கிப் பாருங்கள்.

"மாமா பையன் பி.இ. முடித்துச் சும்மா இருக்கான், சி.ஜி.பி.ஏ. 9.1, எடுத்துக்கோ" என்று அம்மா நச்சரிக்கிறார்.
(வாசகி, கோவில்பட்டி)

மார்க் இருப்பது குற்றமில்லை. ஆனால் ஸோஹோ 2005 முதலே பிளஸ் டூ, டிப்ளமோ முடித்தவர்களுக்குத் தானே பள்ளி நடத்தி, உதவித்தொகையும் கொடுத்து வேலைக்கு எடுக்கிறது. அதற்குக் காசும் வேண்டும், பொறுமையும் வேண்டும். உங்களிடம் இப்போது இரண்டும் இருக்காது.

அதனால் வருகிறவர் யாரானாலும் இரண்டு வாரம் சம்பளத்தோடு வேலை கொடுத்துப் பாருங்கள். ஓர் ஆலையின் கூலிப் பட்டியல் மாதிரி ஒன்று தயாரித்து, அதில் ஒரு பெயரை இரண்டு இடத்தில் எழுதி வையுங்கள். ஒருவர் கவனிக்காமல் கூட்டிக் கொடுப்பார். இன்னொருவர் கவனித்துச் சத்தமில்லாமல் ஒன்றை அடித்துவிடுவார். இவர்தான் ஆபத்து. நம் பக்கத்தில் ஒரே ஆலையில் ஏழு மாரியம்மாள் இருப்பார்கள். ஒருத்தியின் வாரக்கூலி போயே போச்சு! மூன்றாமவர், "இந்தப் பேரு ரெண்டு தடவ வருதே, ஒரே ஆளா, ரெண்டு பேரா?" என்று கேட்பார். அவரை எடுங்கள். கேட்டது மாமா பையன் என்றால் அம்மாவுக்கும் சந்தோஷம். கேட்காவிட்டால் இப்போதே இல்லை என்று சொல்லிவிடுங்கள். ஆறு மாதம் கழித்து நிறுத்தினால் அடுத்த கொடைக்கு ஊருக்குள் தலைகாட்ட முடியாது.

நண்பனுக்குப் பாதிப் பங்கு கொடுத்துவிடலாமா?
(வாசகர், கயத்தாறு)

கொடுங்கள், ஒரே நாளில் வேண்டாம். நாலு வருஷத்தில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேருமாறும், முதல் வருஷம் முடியுமுன் விலகினால் ஒன்றும் கிடையாது என்றும் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். உங்கள் பங்குக்கும் அதே கட்டுப்பாடு. துபாயில் வேலை கிடைத்ததும் நண்பர்கள் நல்ல மனசோடுதான் கிளம்புவார்கள். பங்கை மட்டும் விட்டுவிட்டுப் போக மனசு வராது.

பெங்களூரு போகாமல் இங்கிருந்தே நடத்த முடியுமா?
(வாசகர், கடம்பூர்)

ஃப்ரெஷ்டெஸ்க்கின் முதல் வாடிக்கையாளர் ஆஸ்திரேலியாவில் ஒரு பள்ளி. நீங்கள் எந்த ஊர் என்று அவர்களுக்கு என்ன கவலை? ஸோஹோவும் தென்காசிப் பக்கம் மத்தளம்பாறையில் இருக்கிறதே என்பீர்கள். அது 1996-ல் பிறந்து, காசு பார்த்தபின் கிராமத்துக்கு வந்த கம்பெனி. இங்கே வாடகை குறைவு, இளைஞர்கள் கிடைப்பார்கள். பத்து வருஷ அனுபவசாலியைத்தான் கோவில்பட்டிக்குக் குடிவரவைக்க முடியாது. அவரிடம் வாரம் இரண்டு மணி நேரத்தை மட்டும் விலைக்கு வாங்குங்கள்.

கம்பெனிக்குக் 'கோவில்பட்டி கடலைமிட்டாய்' என்று பெயர் வைக்கலாமா?
(அதே வாசகர்)

அது 2020-லேயே புவிசார் குறியீடு வாங்கிவிட்டது. முதல் வக்கீல் நோட்டீஸ் பக்கத்துத் தெருவிலிருந்தே வரும். டெமோ பார்க்க வருகிறவர்களுக்கு ஒரு பாக்கெட் கொடுங்கள். பாகு பல்லில் ஒட்டியிருக்கும்வரை யாராலும் பேரம் பேச முடியாது.