கோடைக்கு ஏங்கும் அத்தி

டொராண்டோ,
நவம்பர் மாதம்.

அன்புள்ள மாமாவுக்கு,

பனி கொட்டுகிற ஊரில், திறந்த வெளியில் அத்திமரம் நிற்கிறது என்று நம்ம ஊர் சிம்மக்கல் டீக்கடையில் சொல்லிவிடாதீர்கள். கனடா போனவன் கதைவிட ஆரம்பித்துவிட்டான் என்பார்கள். ஆனால் நிஜம். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு இங்கே குடியேறிய இத்தாலிக்காரர்கள், சிசிலியிலும் கலாபிரியாவிலும் தின்று பழகிய சீமை அத்தியை மறக்க மாட்டாமல் கொல்லையில் நட்டார்கள். நவம்பரில் இலை உதிர்ந்ததும் கிளைகளைக் கயிற்றால் இறுக்கிக் கட்டி, ஒரு பக்கத்து வேரை வெட்டிவிட்டு, மரத்தை மெல்லச் சாய்த்துப் பக்கத்துப் பள்ளத்தில் படுக்கவைப்பார்கள். மேலே பலகை, சருகு, மண். ஏப்ரலில் தோண்டி நிமிர்த்துவார்கள். நம்ம தெருவில் ஒருத்தர் ஆள் நீளத்துக்குக் குழி வெட்டி, எதையோ கட்டி உள்ளே தள்ளினால் விடிவதற்குள் போலீஸ் வந்துவிடும். இங்கே பக்கத்து வீட்டுக்காரர் பலகை பிடிக்க வருவார். காஞ்சிபுரத்து அத்தி வரதர் 40 வருஷம் தண்ணீருக்குள் இருக்கிறார். இந்த மரத்துக்கு ஐந்து மாதம் மண்ணுக்குள்.

இதையெல்லாம் பார்த்து, அத்திக்குக் குளிர்தான் எமன் என்று எல்லோரும் முடிவுகட்டிவிடுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கோடை போதாததுதான் அதன் நிஜமான கஷ்டம். இலையுதிர்த்துத் தூங்குகிற சீமை அத்தி, பூஜ்யத்துக்குக் கீழே 10 டிகிரி வரை பெரும்பாலும் தாங்கும். இங்கே சில இரவுகள் அதையும் தாண்டும், கிளை கருகும். ஆனால் மண்ணுக்கடியில் அவ்வளவு குளிர் இறங்காது. மேல்பாகம் மொத்தமாகச் செத்தாலும் வேர் துளிர்க்கும். ‘சிக்காகோ ஹார்டி’ என்றொரு ரகம் அப்படித் துளிர்த்த புதுக்கிளையிலேயே அந்த வருஷமே காய்க்கும். ஆக, குளிரைச் சமாளிக்க வழி இருக்கிறது. காய் பழமாவதில்தான் வில்லங்கம். அத்திக்காய் முதலில் மளமளவென்று பெருக்கும். பிறகு தாலுகா ஆபீஸ் ஃபைல் மாதிரி வாரக்கணக்கில் அசையாது. கடைசியில் சில நாளிலேயே ஊதிப் பருத்து, மெத்தென்றாகி, காம்பு துவண்டு தலை தொங்கும். அந்த நடுக்கட்டத்தில் அக்டோபர் உறைபனி வந்துவிட்டால் கதை முடிந்தது. வாழைத்தார் என்றால் நம்ம ஊர் யானைக்கல் பக்கம் கொண்டுபோய் மூட்டம் போட்டுப் பழுக்கவைக்கலாம். அத்தியைக் காயாகப் பறித்தால் காய்தான்.

அதனால் விவரம் தெரிந்தவர்கள் போர்வையைவிட வெயிலைப் பற்றித்தான் அதிகம் யோசிக்கிறார்கள். தெற்குப் பார்த்த சுவரை ஒட்டி நடுவார்கள். பகல் சூட்டைச் சுவர் வாங்கி ராத்திரி திருப்பிக் கொடுக்கும். புதுக்கிளையில் ஐந்தாறு இலை வந்ததும் நுனியைக் கிள்ளுவார்கள். பிந்தி வந்த பிஞ்சைத் தயவுதாட்சண்யம் இல்லாமல் உதிர்ப்பார்கள். பழுக்கும் தறுவாயில், காயின் அடியில் உள்ள சின்னக் கண்ணில் ஒரு சொட்டு ஆலிவ் எண்ணெய் வைப்பதும் உண்டு. சில நாள் முந்திப் பழுக்கும். (நம்ம ஆட்கள் நல்லெண்ணெய் வைத்துப் பார்க்காமல் இருக்கமாட்டார்கள்.)

மகரந்தம் சேர்க்கும் குளவி நுழையாமல் அத்தி எப்படிக் காய்க்கும் என்று கேட்பீர்கள். நியாயம்தான். ஸ்மிர்னா ரகத்தை நட்ட கலிபோர்னியாக்காரர்களுக்குப் பிஞ்செல்லாம் கொட்டியது. 1899-ல் குளவியை வரவழைத்த பிறகுதான் விடிந்தது. இங்கே கொல்லையில் நிற்கும் ரகங்களுக்குக் குளவி வேண்டாம், தானே காய்க்கும். பிட்டுப் பார்த்தால் புழு இருக்குமோ என்ற பயமும் குறைவு.

இவ்வளவு பாடு எதற்கு, கடையில் வாங்கினால் ஆகாதா என்பது அத்தையின் கேள்வியாக இருக்கும். நன்றாகக் கனிந்த அத்தி லாரிப் பயணம் தாங்காது, தோல் கிழிந்துவிடும். அதனால் கடைக்கு முன்கூட்டியே பறித்து அனுப்புகிறார்கள். பறித்தபின் இனிப்பு ஏறாது என்பதால் அது சப்பென்று இருக்கும். கிறுக்குத்தனம் என்றால் ரொம்பப் பழைய கிறுக்குத்தனம் வேறு: லண்டன் லாம்பெத் அரண்மனைச் சுவரோரம் நிற்கும் அத்தி, 1550-களில் போல் என்ற கர்தினால் வைத்தது என்பார்கள்.

மாமா, நம்ம ஊர் நாட்டு அத்திக் கன்றைப் பார்சல் போட்டுவிடலாம் என்று கிளம்பிவிடாதீர்கள். அதற்கு இந்தப் பனித்தூக்கம் பழக்கமில்லை. ஒரு உறைபனிக்கே சுருண்டுவிடும். சான்றிதழ் இல்லாத கன்றை விமான நிலையத்தில் பிடுங்கிக்கொள்வார்கள், அது வேறு. அனுப்புவதாக இருந்தால் அத்திப்பிஞ்சு வற்றல் அனுப்புங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மருமகன்