கணையத்தில் கரன்ட்

கே: கணையத்திலும் கரன்ட் ஓடுகிறதாமே, நிஜமா? (வாசகர், கல்பாக்கம்)

ப: அணுமின் நிலையத்து ஊரிலிருந்து இப்படி ஒரு சந்தேகமா! ஓடுகிறது; அதன் மின்னழுத்தம் மில்லிவோல்ட் கணக்கில். மீட்டர் மட்டும் கிடையாது. சாப்பிட்டதும் கணையத்தின் பீட்டா செல்லில் பொட்டாசியம் வெளியேறும் வாசல் மூடும், மின்னழுத்தம் மாறும், கால்சியம் உள்ளே பாயும், இன்சுலின் வெளியே வரும். மரபணுக் கோளாறால் அந்த வாசல் மூடாமலே பிறக்கும் குழந்தைக்குப் பெரும்பாலும் ஆறு மாதத்துக்குள் சர்க்கரை நோய். கேசிஎன்ஜே11 மரபணு இதற்கு ஒரு காரணம் என்பது 2004-இல் தெரிந்தது. வாசலை மூட கிளிபென்கிளமைடு என்ற பழைய, மலிவான மாத்திரை பெரும்பாலும் போதும். பல குழந்தைகள் இன்சுலின் ஊசியையே விட்டிருக்கிறார்கள். மெட்ராஸ் டயபெடிஸ் ரிசர்ச் ஃபவுண்டேஷன் உங்கள் மாவட்டச் சிறுசேரி ஆய்வகத்திலேயே இந்த மரபணுவை ஆராய்ந்திருக்கிறது. கைக்குழந்தைக்குச் சர்க்கரை என்றால், மரபணுச் சோதனை உண்டா என்று டாக்டரிடம் கேளுங்கள். ஊசியை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.