மலை போடாத மனு

கொல்லிமலையில் வெட்டியெடுக்கப்பட்ட பாக்சைட், அதாவது அலுமினியத்தின் தாது, மேட்டூர் மால்கோ ஆலையில் உலோகமாகிவந்தது. 2008இல் அவ்வுற்பத்தி நின்றது. மலையேற 70 கொண்டை ஊசி வளைவுகள் இருக்க, சீன அலுமினியத்தாளோ ஒரு வளைவுமின்றிக் கப்பலில் மலிவாக வந்திறங்கியதால், 2017இல் நடுவணரசு அதன்மீது பொருள்குவிப்புத் தடுப்பு வரி விதித்தது. தன் நாட்டில் விற்கும் விலைக்கும் கீழே அயல்நாட்டில் விற்பதே பொருள்குவிப்பு. அது அங்குள்ள தொழிலுக்குக் கேடு விளைவிக்கும்போது, அவ்விலை வேறுபாட்டுக்கு மிகாமல் விதிக்கப்படுவதே இவ்வரி. பெரும்பாலும் உள்நாட்டு உற்பத்தியாளர் மனுப்போட்டால்தான் விசாரணை தொடங்கும் என்பதால், மனுப்போட முடியாத, தோண்டப்பட்ட மலையின் நட்டம் அவ்விசாரணையின் கணக்கில் ஏறுவதில்லை. தண்டிக்கப்படுபவர் சீன ஏற்றுமதியாளர் என்று பெயர். சுங்கத்தில் வரி கட்டுபவரோ இந்திய இறக்குமதியாளர், அதை அவரிடமிருந்து தோளில் ஏற்றுக்கொள்பவர் பெரும்பாலும் அலுமினியத்தாளில் சுற்றிய பிரியாணிப் பொட்டலம் வாங்குபவர்.