பழி கரையைக் கடந்த கதை

டெக்சாஸில் 254 கவுண்டிகள் உண்டு. 2021 பிப்ரவரி நடுவில் அத்தனைக்கும் ஒரே சமயத்தில் பனிப்புயல் எச்சரிக்கை. தொலைக்காட்சிக்காரர்களுக்கு அறுவடைக் காலம். அமெரிக்க அரசின் வானிலைத் துறை குளிர்காலப் புயல்களுக்குப் பெயர் வைப்பதில்லை. வெதர் சேனல் வைக்கும். ‘யூரி’ என்று பெயர் சூட்டினார்கள். வரைபடத்தில் ஊதாவும் இளஞ்சிவப்பும் நீலமுமாகப் பூசினார்கள். எந்த ஊரில் எத்தனை மணிக்கு மழைத்துளி பனிக்கட்டியாகும், எத்தனை மணிக்கு வெண்பனி கொட்டும் என்று நேரலையில் துரத்தினார்கள். ஜனங்கள் கடைக்கு ஓடி ரொட்டியையும் பாலையும் காலி செய்தார்கள்.

யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே. இந்த முறை மணி பல நாள் முன்பே அடித்தது. பிப்ரவரி 11 அன்று ஃபோர்ட் வொர்த்தில், காசு வாங்கிக்கொண்டு விரைவாகப் போகவிடும் சுங்கத் தடத்தில், கண்ணுக்குத் தெரியாத பனிப்படலத்தில் வழுக்கி 133 வண்டிகள் மோதிக்கொண்டன. ஆறு பேர் செத்தார்கள். மறுநாள் ஆளுநர் கிரெக் அபாட் மாநிலம் முழுவதற்கும் பேரிடர் நிலையை அறிவித்தார். ஆகவே ‘எங்களுக்குத் தெரியாது’ என்று சொல்ல ஒருவருக்கும் வாயில்லை. எர்காட் என்று ஓர் அமைப்பு. மாநிலத்தின் மின்தேவையில் சுமார் 90 சதவீதத்தை நிர்வகிப்பது அதுதான். பிப்ரவரி 9 அன்று அதன் இயக்குநர் குழு இரண்டு மணி நேரத்துக்கு மேல் கூடிப் பேசியது. வரப்போகும் குளிரைப் பற்றி எவ்வளவு நேரம் என்று கேளுங்கள். ஒரு நிமிடத்துக்கும் குறைவு. மற்ற விஷயங்களெல்லாம் அவ்வளவு சூடாக இருந்திருக்க வேண்டும்.

புயலின் பாதையைத்தான் ஊரே துரத்தியதே, அதன் பின்னால் கிளம்பிய பழியின் பாதையை எந்தச் சேனலும் துரத்தவில்லை. அந்த அறிக்கையை நான் வாசிக்கிறேன்.

முதலில் தரைநிலவரம். பிப்ரவரி 15, நள்ளிரவு கடந்து ஒரு மணிக்குமேல். டல்லாஸில் குளிர் அடுத்த நாள் மைனஸ் 19 டிகிரி செல்சியஸைத் தொடப்போகிறது. 1949க்குப் பிறகு அந்த ஊர் பார்க்காத குளிர். மின்நிலையங்கள் ஒன்றன்பின் ஒன்றாக விழுகின்றன. மின்தொகுப்பின் துடிப்பு 60 ஹெர்ட்ஸில் நிற்க வேண்டும். அது 59.4க்குக் கீழே இறங்கி 4 நிமிடம் 23 நொடி அங்கேயே கிடந்தது. ஒன்பது நிமிடம் கிடந்திருந்தால் இன்னும் ஏராளமான மின்நிலையங்கள் தாமாகக் கழன்றுகொண்டு மாநிலமே இருண்டிருக்கும். மீட்க வாரக்கணக்கில் ஆகியிருக்கும். அதைத் தடுக்க இணைப்புகளை வெட்டினார்கள். வெட்டிய அளவு உச்சத்தில் 20,000 மெகாவாட். தமிழ்நாடே உச்சக் கோடையில் இழுக்கும் மின்சாரம் அது.

சுழற்சி முறை மின்வெட்டு என்றார்கள். சுழலவே இல்லை. மருத்துவமனை இருக்கும் மின்பாதையில் வீடு இருந்தவர் பிழைத்தார்; இல்லாதவர் நாட்கணக்கில் இருளில் கிடந்தார். சுமார் 45 லட்சம் வீடுகளும் கடைகளும் இருண்டன. தமிழ்நாட்டின் மின்வெட்டுக் காலத்தைப் பார்த்துச் சலித்துப் போய் டல்லாஸ் புறநகரில் வீடு வாங்கிய நம்மவர்களும் அதில் உண்டு. ஊரில் எந்தத் தெருவுக்கு எத்தனை மணிக்குப் போகும், எத்தனை மணிக்கு வரும் என்று அட்டவணையாவது போட்டார்கள். உலகின் எரிசக்தித் தலைநகரம் என்று மார்தட்டும் ஹூஸ்டன் இருக்கும் மாநிலத்தில் அந்த அட்டவணைகூட இல்லை. இதே நேரத்தில் நகர மையங்களில் ஆளில்லாத அலுவலகக் கோபுரங்கள் விளக்கெரிய ஜொலித்தன. நாற்காலிகளுக்குக் குளிரக்கூடாது பாருங்கள்.

வெயிலுக்கென்று கட்டிய வீடுகளில் தண்ணீர்க் குழாய்கள் வெடித்துக் கூரை இடிந்து விழுந்தது. காய்ச்சிக் குடியுங்கள் என்று 1.4 கோடிப் பேருக்கு அறிவிப்பு வந்தது. எதை வைத்துக் காய்ச்சுவது என்று அதில் இல்லை. கராஜில் காரை ஓடவிட்டு அதன் சூட்டில் குளிர்காய்ந்தவர்களையும், வீட்டுக்குள் கரியடுப்பு மூட்டியவர்களையும் கார்பன் மோனாக்சைடு கொன்றது. செத்தவர்கள் 246 என்றது அரசுக் கணக்கு. வழக்கமான சாவுகளுக்கு மேல் அந்த வாரம் கூடிய சாவுகளைக் கணக்கிட்டு பஸ்ஃபீட் செய்தியாளர்கள் சொன்ன மதிப்பீடு சுமார் 700. தென்கோடியில் சவுத் பேட்ரே தீவில், குளிரில் மரத்துப்போன ஆயிரக்கணக்கான கடலாமைகளைத் தன்னார்வலர்கள் அள்ளி வந்து மாநாட்டு மண்டபத்தில் வரிசையாகக் கிடத்திக் காப்பாற்றினார்கள். ஆமைகளுக்கு ஒரு நல்ல காலம்: அவற்றைக் காக்கும் பொறுப்பு சந்தையிடம் ஒப்படைக்கப்படவில்லை.

இனி பழியின் நகர்வு.

பிப்ரவரி 16. பழி முதலில் காற்றாலைகளின் மேல் மையம் கொண்டது. ஆளுநர் அபாட் ஃபாக்ஸ் நியூஸில் தோன்றி, காற்றாலையும் சூரிய மின்சாரமும் நின்றுபோனதே காரணம் என்றார். மத்தியில் சட்டமாகவே ஆகாத ‘பசுமைப் புது ஒப்பந்தம்’ என்ற பருவநிலைத் திட்டத்தையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றினார். ஹெலிகாப்டரில் போய்ப் பனி நீக்கும் காற்றாலையின் படம் ஒன்று அலைபேசிகளில் பரவியது. எங்கே எடுத்தது என்று பார்த்தால் ஸ்வீடன், அதுவும் சில ஆண்டுகளுக்கு முன். அந்தக் குளிர்தேசத்தில் காற்றாலை சுற்றுகிறதே என்று ஒருவரும் யோசிக்கவில்லை. மறுநாளே ஆளுநர் எல்லா வகை மின்சாரமும்தான் பாதிக்கப்பட்டது என்று குரலை மாற்றினார். மத்திய அரசின் ஒழுங்குமுறை ஆணையம் பிறகு ஆராய்ந்தபோது, டெக்சாஸிலும் அக்கம்பக்க மாநிலங்களிலுமாக 1,045 மின்உற்பத்தி அலகுகள் தடுமாறியிருந்தன. அவற்றில் 58 சதவீதம் எரிவாயுவில் ஓடுபவை. ஓர் அணு உலைகூட, உணரிக் குழாயில் தண்ணீர் உறைந்ததால் நின்றது.

அடுத்து பழி வடகிழக்காக நகர்ந்து வாஷிங்டன் பக்கம் போகப் பார்த்தது. முன்னாள் ஆளுநர் ரிக் பெர்ரி, மத்திய அரசைத் தள்ளி நிறுத்துவதற்காக டெக்சாஸ்காரர்கள் மூன்று நாளுக்கு மேலும் மின்சாரம் இல்லாமல் இருப்பார்கள் என்றார். எவ்வளவு பெரிய தியாகம், அடுத்தவர் செய்தால்! கொலராடோ சிட்டி என்ற சிற்றூரின் மேயர் பழியை நேராகச் செத்துக்கொண்டிருந்தவர்கள் மேலேயே இறக்கினார். அரசாங்கம் உங்களுக்கு எந்தக் கடனும் படவில்லை, பலசாலி பிழைப்பான், மெலிந்தவன் மடிவான் என்று முகநூலில் எழுதினார். அவரை மட்டும் எல்லோரும் வைதார்கள். பாவம், மற்றவர்கள் செயலில் காட்டியதை எழுத்தில் வைத்தது அவர் ஒருவர்தான்.

பிப்ரவரி 17. செனட்டர் டெட் குரூஸ் குடும்பத்தோடு மெக்சிகோவின் கான்கூன் கடற்கரைக்கு விமானம் ஏறினார். படம் வெளியானதும் திரும்பி வந்தார். மகள்கள் கேட்டார்கள், நல்ல அப்பாவாக இருக்க விரும்பினேன் என்றார். அப்படியாக ஓர் அமெரிக்க செனட்டரின் பழி, பள்ளி செல்லும் இரண்டு சிறுமிகளின் தலையில் சற்று நேரம் நிலைகொண்டது.

பிறகு பழி எர்காட் அலுவலகத்தை நெருங்கியது. இயக்குநர் குழுத் தலைவர் உட்படப் பல உறுப்பினர்கள் டெக்சாஸிலேயே குடியிருக்கவில்லை என்பது அப்போதுதான் ஊருக்குத் தெரிந்தது. விலகினார்கள். தலைமை நிர்வாகியை நீக்கினார்கள். ஆளுநர் நியமித்த மின்துறை ஆணையத்தின் தலைவர் விலகினார். அவர் இடத்துக்கு வந்தவர், முதலீட்டாளர்களோடு தொலைபேசியில் பேசி, புயலில் நீங்கள் அடித்த லாபத்தைத் திரும்ப எடுக்க விடமாட்டேன் என்று தைரியம் சொன்னார். பேச்சு கசிந்தது. அவரும் விலகினார்.

அது என்ன லாபம்? எரிகிற வீட்டில் பிடுங்கினது. மொத்தச் சந்தையில் சாதாரண நாளில் யூனிட்டுக்கு இரண்டு மூன்று சென்ட் விற்கும் மின்சாரத்தை அந்த வாரம் யூனிட்டுக்கு 9 டாலரில் நிறுத்திவைத்தார்கள். விலை ஏறினால் மின்நிலையங்கள் ஆசைப்பட்டு உற்பத்தியைக் கூட்டுமாம். உறைந்த குழாய்க்கு ஆசை வருமா? மின்வெட்டு முடிந்த பிறகும் 32 மணி நேரம் அதே விலையை வைத்திருந்ததால் 1,600 கோடி டாலர் கூடுதலாக விதிக்கப்பட்டது என்று சந்தையைக் கண்காணிக்கும் அமைப்பே சொன்னது. அந்த விலையைத் திருத்த மின்துறை ஆணையம் மறுத்தது. மொத்த விலையிலேயே வீட்டுக்கு மின்சாரம் என்ற திட்டத்தில் சேர்ந்த ஒருவருக்கு 16,000 டாலருக்கு மேல் பில் வந்தது. இன்னொரு பக்கம், ஓர் எரிவாயு நிறுவனத்தின் நிதி அதிகாரி, இந்த வாரம் எங்களுக்கு ஜாக்பாட் அடித்ததுபோல என்று முதலீட்டாளர்களிடம் பூரித்தார். எனர்ஜி டிரான்ஸ்ஃபர் என்ற குழாய்வழி நிறுவனம் சுமார் 240 கோடி டாலர் சம்பாதித்தது. அதன் தலைவர் ஜூன் மாதம் ஆளுநரின் தேர்தல் நிதிக்குப் பத்து லட்சம் டாலர் தந்தார். இரண்டுக்கும் தொடர்பில்லை என்றே வைத்துக்கொள்வோம். நன்கொடை என்பது மனசு சம்பந்தப்பட்டது.

குளிரை யாரும் நிறுத்தியிருக்க முடியாது. குழாய்க்குத் துணி சுற்றியிருக்க முடியும். 1989 டிசம்பரில் இதே மாநிலம் உறைந்து மின்வெட்டு வந்தது. இயந்திரங்களைக் குளிருக்குத் தயார்செய்யுங்கள் என்று பரிந்துரைத்தார்கள். 2011 பிப்ரவரியில் மறுபடி உறைந்தது. மத்திய ஆணையம் தடித்த அறிக்கை போட்டு, 1989இல் சொன்னதைத்தானே செய்யவில்லை என்றது. பரிந்துரை கட்டாயமாகவில்லை. ஏனென்றால் டெக்சாஸ் மின்தொகுப்பு தனிக்காட்டு ராஜா. 1935இல் மாநிலம் விட்டு மாநிலம் போகும் மின்சாரத்தின்மேல் மத்திய சட்டம் வந்தபோது, எல்லையைத் தாண்டாமல் கம்பியை நிறுத்திக்கொண்டு நழுவிய வம்சம் அது. கேள்வி கேட்க வெளியாள் வரமாட்டான். ஆபத்தில் மின்சாரமும் வெளியிலிருந்து போதிய அளவு வராது. 2002இல் சந்தையைத் திறந்துவிட்டார்கள். விற்ற மின்சாரத்துக்குத்தான் காசு. ஆபத்துக்குத் தயாராக நிற்பதற்குக் காசில்லை. அப்புறம் எவன் துணி சுற்றுவான்?

முடியாத காரியமா என்றால், அதே மாநிலத்தின் மேற்குக் கோடியில் எல் பாசோ இருக்கிறது. அது எர்காட்டில் சேராத ஊர். மேற்கு மாநிலங்களின் மின்தொகுப்போடு இணைந்தது. 2011இல் பட்ட அடிக்குப் பிறகு அங்கே பணம் போட்டு நிலையங்களைக் குளிருக்குத் தயார்செய்தார்கள். 2021இல் சில ஆயிரம் இணைப்புகள் அணைந்தன, பெரும்பாலானவை சில நிமிடங்களே. அவ்வளவுதான்.

எர்காட் பக்கமோ இன்னொரு கூத்து. எரிவாயுக் கிணறுகளும் அழுத்த நிலையங்களும் மின்சாரத்தில் ஓடுபவை. ‘எங்களுக்கு மின்சாரத்தை வெட்டாதீர்கள்’ என்று சொல்ல ஒரு சின்னப் படிவம் இருந்தது. பல நிறுவனங்கள் அதை நிரப்பவே இல்லை. வெட்டினார்கள். எரிவாயு நின்றது, எரிவாயு நின்றதால் மின்நிலையம் நின்றது, மின்நிலையம் நின்றதால் மேலும் வெட்டினார்கள். பசுவுக்குத் தீவனத்தை நிறுத்திவிட்டுப் பால் குறைந்ததற்காக மறுபடி தீவனத்தைக் குறைத்த கெட்டிக்காரத்தனம். இந்த நிறுவனங்களை மேய்ப்பது ‘ரயில்ரோடு கமிஷன்’. ரயிலுக்கும் அதற்கும் இன்று சம்பந்தமில்லை. எண்ணெய்க்கும் எரிவாயுவுக்கும் அதுதான் காவல். புயலுக்குப் பிறகு அது எழுதிய முதல் வரைவு விதியில், 150 டாலர் கட்டணத்தோடு விண்ணப்பித்தால் குளிர்த் தயாரிப்பிலிருந்து நிறுவனங்கள் விலகிக்கொள்ளலாம் என்று வழி வைத்தது. மாநில செனட்டர்கள் சீறிய பிறகே அதைத் திருத்தினார்கள். நூற்றைம்பது டாலர்! சாவுக்கு இப்படித் தள்ளுபடி விலை வைக்க ஒரு தனித் துணிச்சல் வேண்டும்.

2021 ஜூனில் ஆளுநர் புதுச் சட்டத்தில் கையெழுத்திட்டு, மின்தொகுப்பைச் சரிசெய்யச் செய்ய வேண்டியதையெல்லாம் செய்தாகிவிட்டது என்றார். மின்நிலையங்களுக்குக் குளிர்த் தயாரிப்பு கட்டாயமானது உண்மை. முப்பத்தோரு வருடம் தாமதம், சில நூறு பிணங்கள் முன்பணம். 2022இல் அபாட் மீண்டும் வென்றார். 2024இல் குரூஸும் வென்றார். வாக்காளர்களும் நல்ல அப்பாக்களாக இருக்க விரும்பியிருப்பார்கள்.

பழியின் கடைசி நிலவரம் வருமாறு. 2023 ஜூனில் அது டெக்சாஸ் உச்ச நீதிமன்றத்துக்கு அருகே வந்தது. எர்காட்டும் அரசின் அங்கம்தான், வழக்குப் போட முடியாது என்று ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் தீர்ப்பு. பழி வலுவிழந்தது. டிசம்பரில் ஹூஸ்டன் மேல்முறையீட்டு நீதிமன்றத்தை அடைந்தது. சந்தையைத் திறந்தபோதே உற்பத்தியும் விற்பனையும் பிரிந்துவிட்டன. ஆகவே அவசர காலத்தில் வீடுகளுக்கு மின்சாரம் தரும் கடமை மின்உற்பத்தி நிறுவனங்களுக்கு இல்லை என்று நீதிபதிகள் சொன்னார்கள். பழி கடலுக்குள் போய்க் கரைந்தது. சேதம் இல்லை.

எரிவாயு விநியோக நிறுவனங்களுக்கு அந்த வாரம் ஏறிய செலவுக்காகச் சுமார் 350 கோடி டாலருக்குப் பத்திரம் வெளியிட்டிருக்கிறார்கள். வட்டியும் முதலும் வீட்டுப் பில்லில் மாதாமாதம் சேர்ந்து வருகிறது. அன்று தொட்டிலில் விறைத்துக்கிடந்த குழந்தை பெரிய பள்ளிக்குப் போன பிறகும் வரும். மின்சாரம் தரும் கடமை உற்பத்தி செய்தவனுக்கு இல்லை. பதில் சொல்லும் கடமை நிர்வகித்தவனுக்கு இல்லை. தயாராக இருக்கும் கடமை முப்பது வருடம் ஒருவனுக்கும் இல்லை. அந்தப் புயலில் சட்டப்படி கடமை என்று ஒன்று இருந்தது இருட்டில் உட்கார்ந்திருந்தவனுக்கு மட்டும்தான்: பில்லைக் கட்டுவது. அவன் கட்டிக்கொண்டிருக்கிறான். ஒரு மாதம் தவறினால் போதும், அவனைத் துல்லியமாகத் துரத்துவார்கள்.