ரோஷத்தைச் செக்போஸ்ட்டுல இறக்கி வையி

மருமவனே, திருவனந்தபுரத்து நாணயக் கண்காட்சிக்குப் போயிட்டு வந்ததுல இருந்து உன் மூஞ்சி சரியில்லைன்னு என் தங்கச்சி சொல்லுதா. என்ன விசயம்னு கேட்டேன். ஒரு மேசைக்காரன், "வாங்குறதா இருந்தா தொடு, இல்லைன்னா அடுத்த ஆளுக்கு வழி விடு"ன்னு சொல்லிட்டானாம். நீதான் மானஸ்தனாச்சே! பேரங்கூடப் பேசாம அவன் சொன்ன வெலையை எண்ணி மேசையில வச்சிட்டு, ஒரு சித்திரா அரை ரூவாயை வாங்கிட்டு வந்துட்டே. "அவனுக்குப் புத்தி புகட்டிட்டேன்"னு வேற சொல்லுதியாம். ரொம்பச் சரி. இப்படி நெதம் நாலு பேரு புத்தி புகட்டினா, அந்த மனுசன் அடுத்த வருசமே மாடி வீடு கட்டிருவான்.

நான் சொல்லுதேன் கேளு. அந்தக் கூடத்துல வெள்ளி விக்கான், செம்பு விக்கான், பித்தளையும் விக்கான். அதுல எல்லாம் முதல் போடணும், கிடைக்கிற லாபமும் கொஞ்சம். முதலே போடாம லாபம் பாக்குறது வந்தவனோட ரோஷத்துலதான். அதனால அடுத்த தடவை போறப்போ ரோஷத்தை நம்ம புளியறைச் செக்போஸ்ட்டுலயே இறக்கி வச்சிரு. கேரளாவுக்குப் போற லாரி எல்லாம் நின்னு சீட்டைக் காட்டிட்டுத்தானே போகுது? நீயும் ஒரு நிமிசம் நின்னு, சட்டைப்பையைத் தடவிப் பாரு. துட்டு இருக்கா, சரி. லென்ஸ் இருக்கா, சரி. ரோஷம் இருக்கா? அதை அங்கன வச்சிட்டு ஆரியங்காவு மலை ஏறு. திரும்பி வரும்போது எடுத்துக்கிடலாம், ஒருத்தனும் களவாண்டுட்டுப் போகமாட்டான்.

குத்தாலத்துல குரங்கு பல்லைக் காட்டினா என்ன செய்வே? பயந்து ஓடினா துரத்தும். மொறச்சா மேல பாயும். பழத்தை மடிக்குள்ள வச்சிட்டு, அருவியைப் பாத்துக்கிட்டே பைய நடந்தா, அது பாட்டுக்கு அடுத்த ஆளைத் தேடிப் போயிரும். மேசைக்காரன்கிட்டயும் அதே நடைதான் நடக்கணும்.

ஆனா மேசைக்காரன் கொரைக்கிற எல்லாக் கொரைப்பும் ஒண்ணுன்னு நினைச்சிராதே. அதுல மூணு தினுசு இருக்கு.

ஒண்ணு, அலுப்புக் கொரைப்பு. காலையில மேசை விரிச்சதுல இருந்து அவன் முன்னால யாரு வந்து நிக்கான்னு நெனச்சுப் பாரு. டிராக்டர் படம் போட்ட அஞ்சு ரூவா நோட்டோட ஒருத்தன். வைஷ்ணவ தேவி படம் போட்ட 2012-ம் வருசத்துக் காசோட ஒருத்தன். 786 நம்பர் நோட்டை மஞ்சத்துணியில சுத்தி எடுத்துட்டு ஒருத்தன். எல்லாருக்கும் ஒரே பேச்சு: "போன்ல பாத்தேன், பத்து லட்சம் போகுதாம், நீங்க எவ்வளவு தருவீய?" இந்தக் கூத்து முத்திப்போய்த்தான், தன் பேரைச் சொல்லிப் பழைய காசு, நோட்டு வாங்குறேன்னு கமிஷன் கேக்குறவனை நம்பாதீங்கன்னு ரிசர்வ் வங்கியே 2021 ஆகஸ்டுல அறிக்கை விட்டுச்சு. அதையும் படிக்காம மேசைக்கு மேசை நின்னு லட்சம் கேட்டா, சாமிக்கே கோவம் வரும். அந்தக் கொரைப்பை மன்னிச்சு விட்டுரு. ஒரு டீ வாங்கிக் குடுத்தாலும் குத்தமில்லை.

ரெண்டாவது, பயக் கொரைப்பு. காசு சின்னது, கூட்டம் பெருசு, அவனுக்குக் கண்ணு ரெண்டே ரெண்டு. அதுலயும் நம்ம பழைய திருவிதாங்கூர் வெள்ளிச் சக்கரக் காசு இருக்கே, விரல் இடுக்குல நின்னாக்கூடத் தெரியாது. கையால எண்ண முடியாம, குழி குழியா வெட்டின சக்கரப் பலகைன்னு ஒண்ணு வச்சிருந்தாவ. ஒரு பிடி அள்ளிப் பலகையில போட்டு ஆட்டினா, குழிக்கு ஒண்ணா உக்காந்துரும். மிச்சத்தைத் தள்ளிட்டுப் பலகையைப் பாத்தா கணக்கு முடிஞ்சது. அரசாங்கக் கஜானாவே பலகை வச்சு எண்ணின காசை நீ உள்ளங்கையில வச்சு உருட்டினா, "தொடாதே"ன்னு சொல்லாம என்ன செய்வான்? அந்தக் கொரைப்புக்கு மருந்து உன் கையிலதான் இருக்கு. "பாக்கலாமா அண்ணாச்சி?"ன்னு கேளு. மேசைத் துணிக்கு மேல, ஓரத்தைப் பிடிச்சுத் தூக்கு. முகத்துல பெருவிரலை அழுத்தாதே. ஒண்ணைத் திருப்பி வச்ச பொறவுதான் அடுத்ததைக் கேக்கணும். இதைப் பாத்தாலே பாதிப் பேரு கொரைப்பை நிறுத்திட்டு ஸ்டூலை இழுத்துப் போடுவான்.

மூணாவதுதான் தொழில் கொரைப்பு. உன் துட்டு போனது அதுலதான். "வாங்குறதா இருந்தா தொடு"ன்னு ஒரு வார்த்தை. உடனே உன் கை பர்சுக்குப் போகுது. அதைச் சொன்னப்போ அவன் உன் மூஞ்சியைப் பாத்தானா, உன் சட்டைப்பையைப் பாத்தானா? அடுத்த தடவை கவனிச்சுட்டு வந்து எங்கிட்ட சொல்லு.

சரி, வாங்கிட்டு வந்த காசைப் பாப்போம். அதுல 1112-ன்னு போட்டிருக்கு. "மாமா, தொள்ளாயிரம் வருசத்துக் காசு, சோழன் காலம்"னு தெரு முழுக்கச் சொல்லிட்டு வந்தியாமே? அது கொல்லம் ஆண்டு லே! 824, 825-ஐக் கூட்டினா 1936-37. சித்திரைத் திருநாள் மகாராசா காலம், கோயில் நுழைவுப் பிரகடனம் வந்த அதே வருசம். நல்ல காசுதான், நான் கொறை சொல்லலை. ஆனா ராசராசனை இதுக்குள்ள இழுக்காதே.

புளியறையில பொறந்தவனுக்கு இதெல்லாம் தெரியாம இருக்கலாமா? நம்ம செங்கோட்டைப் பக்கம் 1956 நவம்பர் 1-க்குப் பொறவுதானே இந்தப் பக்கம் சேந்துச்சு. அதுக்கு முந்தி இது மலையாளச் சீமை. 16 காசு ஒரு சக்கரம், 4 சக்கரம் ஒரு பணம், 7 பணம் ஒரு திருவிதாங்கூர் ரூவா. அப்போ ரூவாய்க்கு 28 சக்கரம் ஆச்சா? ஆனா வெள்ளைக்காரன் ரூவாய்க்கு மாத்தினா 28½ சக்கரம். அந்த அரைச் சக்கரத்துக்காக எல்லையில எங்க தாத்தாமாரு போட்டிருக்கக்கூடிய சண்டையில, உன் மேசைக்காரன் ஒரு நாழி நிக்கமாட்டான்.

மொறைக்கிறதுக்குப் பதிலா என்ன செய்யணும்? எடை கேக்கணும். வெள்ளைக்காரன் வெள்ளி ரூவா 11.66 கிராம் நிக்கணும், காந்தத்துல ஒட்டக்கூடாது. 1940-ல இருந்து அதுல பாதிதான் வெள்ளி. 1939-ம் வருசத்து ஜார்ஜ் ரூவா அபூர்வம், அதனாலயே போலியும் ஏராளம். எவனாவது அதை மலிவாத் தந்தா, உன் மேல பாசம்னு நினைச்சிராதே. பொறவு, ராமர் பட்டாபிசேகம் போட்டு 1818-ன்னு அடிச்ச கிழக்கிந்தியக் கம்பெனிக் காசு மேசைக்கு மேசை கிடக்கும். கம்பெனிக்காரன் அப்படி ஒரு காசு அடிச்சதே கிடையாது. அதைக் காட்டி ஆயிரம் சொன்னா சண்டை போடாண்டாம். "சாமி படம் நல்லாருக்கு அண்ணாச்சி"ன்னு ஒரு கும்பிடு போட்டுட்டு நகந்துரு. அவனுக்குப் புரிஞ்சிரும்.

தினமலர் ஆசிரியரா இருந்த இரா. கிருஷ்ணமூர்த்தியைக் கேள்விப்பட்டிருப்பே. 2021-ல காலமாயிட்டாரு. அழுக்குப் பிடிச்ச ஒரு சதுரச் செப்புக் காசுல தமிழ் பிராமி எழுத்துல 'பெருவழுதி'ன்னு இருந்ததைப் படிச்சுச் சொன்னவரு அவருதான். சங்ககாலப் பாண்டியனும் பேரு போட்டுக் காசு அடிச்சிருக்கான்னு அதுக்கப்புறந்தான் ஊருக்குத் தெரிஞ்சுது. அவரு யாரையும் மொறச்சு அதைப் படிக்கலை. லென்ஸை வச்சு, குனிஞ்சு உக்காந்து படிச்சாரு. உனக்குக் குனிய வருமா?

இனி விக்கப் போற கதை. உன் காசை வாங்கிப் பாத்துட்டு மேசைக்காரன் சொல்லுறது எப்பவும் ஒரே வார்த்தை: "குப்பை". அதுக்கு அழாதே. அவன் வாயைப் பாக்காண்டாம், கையைப் பாரு. நெசமாவே குப்பைன்னா உடனே உன் பக்கம் தள்ளிருவான். "குப்பை, குப்பை"ன்னு சொல்லிக்கிட்டே கீழ வைக்காம திருப்பித் திருப்பிப் பாத்தான்னா, உன் வெலையில ஒரு சுழி கூட்டிக்கோ. ஒண்ணு மட்டும் செஞ்சிராதே. விக்குறதுக்கு முந்தின நாள் ராத்திரி உங்கம்மா குத்துவிளக்கு தேய்க்கிற புளியை எடுத்துக் காசைத் தேய்ச்சுப் பளபளப்பாக்கிட்டுப் போகாதே. நூறு வருசமாப் படிஞ்ச நெறம் போச்சுன்னா வெலையும் போச்சு. அப்போ அவன் ஏசினா நானும் அவன் பக்கம் நின்னு ஏசுவேன்.

அவன் எல்லை மீறிப் பேசினா? அதுக்கும் ஒரு மந்திரம் இருக்கு. சத்தம் போடாண்டாம், சிரிச்சமேனிக்குக் கேளு: "அண்ணாச்சி, பில் போட்டுத் தருவீயளா? பொய்யின்னு தெரிஞ்சா திருப்பி எடுத்துக்கிடுவேன்னு அதுலயே எழுதிருங்க." நேர்மையான ஆளு எழுதித் தருவான், அவன்கிட்ட தைரியமா வாங்கு. மத்தவனுக்கு அந்நேரம் பாத்து போன் வந்துரும். காசு நூறு வருசத்தைத் தாண்டினதா? அப்போ 1972-ம் வருசத்துத் தொல்பொருள் சட்டப்படி அதை வியாபாரம் பண்ண லைசென்ஸ் வேணும். "லைசென்ஸ் நம்பரையும் பில்லுல போட்டுருங்க"ன்னு சேத்துச் சொன்னா, அதுக்கு மேல மரியாதையை நீ தேடிப் போகாண்டாம், அதுவே வரும்.

ஆனா சட்டம் பேசுற வாயி சுத்தமா இருக்கணும். வயல்ல உழும்போது பானையில காசு கிடைச்சா மடியில கட்டிட்டு மேசைக்குப் போயிராதே. 1878-ம் வருசத்துப் புதையல் சட்டம் இன்னும் இருக்கு. பத்து ரூவாய்க்கு மேல மதிப்புன்னா கலெக்டருக்குச் சொல்லியாகணும். இன்னைக்குப் பத்து ரூவாய்க்கு ஒரு வடைகூட ஒழுங்காக் கிடைக்காது, அதனால எல்லாப் பானையும் கலெக்டர் கணக்குல வந்துரும்.

கடைசியா ஒரு சூத்திரம், இதை எவனுக்கும் சொல்லாதே. மொத நாள் காலையில போகாதே. அப்போ மேசைக்காரனுக்குக் கண்ணு தலைக்கு மேல இருக்கும். கடைசி நாள் சாயங்காலம் நாலு மணிக்குப் போ. விக்காத காசை எல்லாம் மறுபடி பெட்டியில அடுக்கி, பஸ்ஸுல தூக்கிட்டுப் போகணுமேன்னு அவன் மலைச்சுப் போய் உக்காந்திருப்பான். மொத நாளு வந்தவனை எல்லாம் விரட்டினவனே "வாங்க சார், உக்காருங்க சார், டீ சொல்லட்டுமா?"ன்னு கேப்பான். அந்நேரம் பாத்து உன் பழைய ரோஷம் வந்து எட்டிப் பாக்கும், "வேண்டாம்"னு சொல்லச் சொல்லும். சொல்லிராதே. நல்லா உக்காந்து, சக்கரை கூடுதலாப் போடச் சொல்லி, டீயைக் குடி. காசை வாங்கணுமா வேண்டாமான்னு கிளாசைக் கீழ வச்ச பொறவு யோசிச்சுக்கிடலாம்.